புளியைக் கீழே வையுங்கள்

கேள்வி: பர்மிங்காமில் படிக்கும் மகன் பழம்பொருள் சந்தையில் ஒரு பெரிய செப்புக் காசு வாங்கி வந்தான். ஒரு பக்கம் கட்டடமும் 'பர்மிங்காம் ஒர்க்ஹவுஸ்' என்ற பெயரும். ஆண்டு 1812. ராஜா தலையைக் காணோம். கேன்டீன் டோக்கன் மாதிரி உள்ளே மட்டும் செல்லுபடியானதா? கறுத்துக் கிடக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: முதலில் புளியைக் கீழே வையுங்கள். குத்துவிளக்குக்கு அது சரி, பழங்காசுக்கு ஆகாது. அந்தக் கறுப்பு அழுக்கல்ல. செம்பின் மேல் 200 வருடமாகப் படிந்த படலம். அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய காசை விவரம் தெரிந்த சேகரிப்பாளர் தொடக்கூட மாட்டார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி, நன்றாக உலரவிடுங்கள், போதும். பிவிசி உறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், பச்சை பூத்துவிடும்.

சரி, கேன்டீன் டோக்கனா? இல்லை. இது ஊர் முழுக்கப் புழங்கிய ஒரு பென்னி காசு. ஒர்க்ஹவுஸ் என்பது ஏழைகளிடம் வேலை வாங்கிக்கொண்டு சோறும் கூரையும் தந்த இடம். அதை நடத்தியவர்களே வெளியில் இருந்த ஏழைகளுக்கும் உதவித்தொகை பட்டுவாடா செய்தார்கள். கொடுக்கச் சில்லறை வேண்டுமே! அரசோ 1807-க்குப் பிறகு 1825 வரை பென்னியே அடிக்கவில்லை. ஒரு அவுன்ஸ் கனமுள்ள 1797-ஆம் வருடப் பென்னிகளைச் செம்பு விலை ஏறியதும் உருக்கி விற்றவர்கள் உண்டு. பர்மிங்காமோ உலோகத் தகட்டை அச்சில் அடித்துப் பொத்தான் செய்யும் பட்டறைகள் நிறைந்த ஊர். அங்கே டோக்கன் அடிக்க ஆளா கிடைக்காது?

கடைக்காரர் ஏன் வாங்கினார்? டோக்கன் வெளியிட்ட தனியார் முதலாளி திவாலானால் அது வெறும் செம்பு. ஒர்க்ஹவுஸ் டோக்கனுக்குப் பின்னால் ஊரார் கட்டும் ஏழை வரி இருந்தது. இப்படி 240 பென்னி டோக்கன் சேர்த்தால் ஒரு பவுண்டு. அந்த நம்பிக்கைக்குச் சட்டமே சாட்சி: 1817-இல் செப்பு டோக்கன்களைத் தடை செய்த நாடாளுமன்றம், பர்மிங்காம் ஒர்க்ஹவுஸுக்கு 1820 மார்ச் வரையும், ஷெஃபீல்டின் ஏழை நிவாரண அதிகாரிகளுக்கு 1823 மார்ச் வரையும் அவகாசம் கொடுத்தது. ஒரே நாளில் செல்லாது என்று சொல்லியிருந்தால் அடி விழுவது கூலிக்காரன் மடியில்தானே!

போலியா என்ற சந்தேகம் இருந்தால் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுற்றிலும் ஒட்டுக்கோடு தெரிந்தாலோ, பரப்பில் ஊசிக்குத்து போலக் குழிகள் இருந்தாலோ செம்பை உருக்கி வார்ப்பில் ஊற்றிச் செய்த நகலாக இருக்கலாம். அசல், அச்சில் அடித்த காசு.

அப்புறம், இதே ஒர்க்ஹவுஸ் 1813-இல் செம்பிலேயே மூன்று பென்ஸ், ஆறு பென்ஸ் டோக்கன்களும் வெளியிட்டது. மகன் மறுபடி சந்தைக்குப் போனால் ஒரு கண் வைக்கச் சொல்லுங்கள். ஆறு பென்ஸ் மட்டும் குதிரைக் கொம்பு.