லடாக் வெந்நீர் ஊற்று: கடலூர், புதுச்சேரியிலிருந்து கேட்டவை

பாலைவனத்துச் சின்ன ஊர்களில் வெந்நீர்க் குளியல் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. லடாக்கின் பனாமிக், சுமதாங் பக்கம் ஆட்களைக் கூட்டிப்போய் வரும் மஞ்சக்குப்பத்து ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் பதில் சொல்கிறார்.

திருப்பாதிரிப்புலியூர்: சார், அவ்வளவு குளிரும் ஊர் எப்படிப் பாலைவனம்? வெந்நீர் எங்கிருந்து வருகிறது, எரிமலையா?

மழை இல்லாவிட்டால் பாலைவனம்தான் தம்பி, வெயில் கொளுத்த வேண்டும் என்றில்லை. லடாக்கின் முக்கிய ஊரான லே நகரில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 10 செ.மீ. ஐப்பசியில் நம் ஊரில் ஒரே ராத்திரியில் கொட்டிவிடும். எரிமலை ஒன்றும் இல்லை. இந்திய நிலத்தட்டு யூரேசியத் தட்டோடு மோதியதில் பாறைகள் ஆழம் வரை பிளந்து கிடக்கின்றன. மழைநீரும் பனிநீரும் அந்தப் பிளவுகளில் இறங்கி, அடியில் சூடேறி, திரும்ப மேலே வருகின்றன. சுமதாங்கைத் தாண்டியிருக்கும் பூகாவில் இந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்க ஓஎன்ஜிசி 2021இல் ஒப்பந்தம் போட்டது. நெய்வேலிக்காரர்கள் கவனிக்க, பழுப்பு நிலக்கரி இல்லாமலே!

லாஸ்பேட்டை: பனாமிக்கா, சுமதாங்கா? எதற்கு முதலில் போகலாம் சார்?

பனாமிக். அழகைக் கேட்டால் சிந்து நதிக்கரையில் இருக்கும் சுமதாங் என்றுதான் சொல்வேன், ஆனால் அது ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம். லே 3,500. நுப்ரா பள்ளத்தாக்கில் இருக்கும் பனாமிக் சுமார் 3,200தான், அதனால் ராத்திரி லேயைவிடத் தாழ்வான இடத்தில் தூங்குவீர்கள்.

கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். விமானத்தில் லே போய் இறங்கினால், ஒவ்வொரு மூச்சிலும் ஊரில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் உள்ளே போகும். முதல் இரண்டு நாள் அறையிலேயே கிடங்கள். கடைத்தெரு, மடாலயம், படிக்கட்டு எதுவும் வேண்டாம். தலைவலி, வாந்தி இருந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாமல், ஊரிலேயே டாக்டரைக் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

பனாமிக் வழியில் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே. போட்டோ எடுத்ததும் வண்டியில் ஏறிவிடுங்கள்.

பண்ருட்டி: அம்மாவுக்கு முட்டிவலி. அந்தத் தண்ணீரில் குளித்தால் சரியாகுமா அண்ணே?

சூட்டுக்கு வலி கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். அதற்கு மேல் நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஊற்று நேரடியாகக் கொதிக்கக் கொதிக்க வருகிறது, குளியலறையில் பச்சைத் தண்ணீர் கலந்துதான் இறங்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் காலில் சூடு உறைக்காமல் போகலாம், நீங்கள் கைவிட்டுப் பார்த்த பிறகு இறக்குங்கள். பத்து நிமிஷம் போதும். சடாரென்று எழுந்தால் தலை சுற்றும்.

இதய நோய் இருந்தால் லடாக்கே வேண்டாம். மும்பை பக்கம் கணேஷ்புரி, வஜ்ரேஸ்வரியில் சமவெளியிலேயே வெந்நீர்க் குளங்கள் இருக்கின்றன, கோயிலும் ஆயிற்று.

முத்தியால்பேட்டை: குளித்துவிட்டு ராத்திரி லேசாக ஒரு பெக்?

புதுச்சேரியிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கூடாது. வெந்நீர், உயரம், மது மூன்றும் உடம்பில் தண்ணீரை வற்ற வைக்கும். ஊருக்கு வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலியார்பேட்டை: அப்பாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட், எனக்கு இந்திய பாஸ்போர்ட். ஒன்றாகப் போக முடியுமா?

போகலாம், ஆனால் அப்பாவுக்குத் தனி அனுமதி வேண்டும். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் அட்டை) வைத்திருந்தாலும் அவர் வெளிநாட்டவர் கணக்குதான். லேயில் பதிவுபெற்ற பயண முகவர் மூலம் எடுக்க வேண்டும், அதற்கு அந்த ஓய்வு நாட்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் ஆதார் நகல் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள், சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

பரங்கிப்பேட்டை: எந்த மாசம்? போன் எடுக்குமா?

ஜூன் முதல் செப்டம்பர் வரை. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.