விழும் கல்லுக்கு 1, 2, 3, 4 ஏன் ஒத்துவராது?

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். கீழே விழும் பொருள் அடுத்தடுத்த நொடிகளில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரம் கடக்கும் என்றதும், "ஏன் சார், 1, 2, 3, 4 என்று இருக்கக் கூடாதா?" என்றாள் ஒரு மாணவி. சமன்பாடு இல்லாமல் எப்படி விளக்குவது?

பதில்: கலிலியோ 1638இல் ஒற்றைப்படை விதியை வெளியிட்ட பிறகும் இதே சந்தேகம் ஓயவில்லை. 1646இல் ஜெனோவாவின் பாலியானியும், ஒனோரே ஃபாப்ரி என்ற இயேசு சபைக் குருவும் 1, 2, 3, 4 என்றுதான் எழுதினார்கள். அதே சபையின் இன்னொரு குரு பியேர் லெ காஸ்ர் 1, 2, 4, 8 என்றார். ஆகவே அவளைத் திருத்த அவசரப்படாதீர்கள். பலகையில் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

நொடி என்பது நாம் வைத்துக்கொண்ட அளவு. இரண்டு நொடியை ஓர் அலகாக எடுத்தாலும் விதி மாறக் கூடாது. 1+3=4, 5+7=12, 9+11=20. இது மறுபடி 1:3:5. அவள் வரிசையில் 1+2=3, 3+4=7. 1:2 வரவேண்டிய இடத்தில் 3:7 வருகிறது. 1, 2, 4, 8இல் 3:12. அதுவும் போச்சு. பின்னாளில் பெரிய இயற்பியலாளரான டச்சுக்காரர் ஹைகன்ஸ், 17 வயதில், 1646இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென்னுக்கு இந்தப் பாதையில்தான் வாதம் எழுதினார்.

ஃபாப்ரி சாமர்த்தியசாலி. காலம் பிரிக்க முடியாத நுண்கணங்களால் ஆனது, அங்கேதான் 1, 2, 3 செல்லும், நம் அளவுக்கு வரும்போது அது 1, 3, 5 போலவே தெரியும் என்று நழுவினார். கணக்கில் தப்பில்லை!

இன்னொன்று: 1, 7, 19, 37 வரிசையும் இந்தச் சோதனையில் தேறிவிடும். கணக்கு தவறானதைக் கழிக்கும், அவ்வளவே. முடிவு அளவீட்டில்தான். இத்தாலியில் போலோன்யாவின் அசினெல்லி கோபுரத்திலிருந்து உருண்டைகளைப் போட்டு, ஊசல் ஆட்டத்தை எண்ணி அளந்தவர் வானியலாளர் ரிச்சோலி. கலிலியோவை மறுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. கிடைத்ததோ ஒற்றைப்படை எண்கள். 1651இல் அதை ஒளிக்காமல் அச்சிட்டார்.

வகுப்புக்குக் கோபுரம் தேவையில்லை. நூலின் நுனியில் ஒரு நட்டு, அங்கிருந்து 10, 40, 90, 160 செ.மீ.இல் ஒவ்வொன்று கட்டுங்கள். நுனி நட்டு எவர்சில்வர் தட்டைத் தொடும்படி தூக்கிப் பிடித்து விடுங்கள். 'டக் டக்' சீராகக் கேட்கும். 10, 30, 60, 100 என்று கட்டினால் கைவிட்ட கணத்திலிருந்து முதல் 'டக்' வரையிலான இடைவெளி மட்டும் நீளும், மற்றவை ஏறக்குறைய சீராகவே ஒலிக்கும். அதனால் கைவிடும் கணத்தையும் முதல் 'டக்'கையும் உன்னிப்பாகக் கவனிக்கச் சொல்லுங்கள். கூடவே கைபேசியில் காணொளியாகப் பதிவு செய்துகொள்வது நல்லது.