தேய்ந்த காசைப் படிக்க 3டி ஸ்கேனர் வாங்கலாமா?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த ராஜராஜ சோழன் செப்புக்காசுகள் கொஞ்சம் என்னிடம் இருக்கின்றன. பலவற்றில் எழுத்து தேய்ந்துவிட்டது. ‘0.05 மி.மீ. துல்லியம்’ என்று சொல்லி, கையடக்க 3டி ஸ்கேனர் ஒன்றை 65,000 ரூபாய்க்குத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். வாங்கினால் எழுத்து தெரியுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தெரியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். ஒரு புள்ளியின் இடத்தை ஸ்கேனர் எவ்வளவு சரியாகக் குறிக்கிறது என்பதுதான் பெட்டியில் போட்டிருக்கும் துல்லியம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பது வேறு கணக்கு. நீங்கள் கேட்காமல் கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். தேய்ந்த ‘ஸ்ரீ ராஜராஜ’ நாகரி எழுத்தின் மேடு ஒரு தலைமுடி கனம்கூட இல்லாமல் இருக்கலாம்; அதை அந்த ஸ்கேனர் வழவழவென்று தடவிவிடும்.

இருட்டறையில் டார்ச்சை மேசையோடு ஒட்டினாற்போல் பிடித்துக் காசைப் பாருங்கள். எழுத்தின் ஒரு ஓரம் மினுங்கும், மறு ஓரத்தில் நூல் மாதிரி நிழல் விழும். டார்ச்சை நேர் மேலே தூக்கினால் எழுத்தே மறைந்துவிடும். 1980-இல் ராபர்ட் வுட்ஹாம் என்ற கணினி ஆய்வாளர் இதைக் கணக்காக்கினார்: கேமராவை அசைக்காமல் விளக்கை மட்டும் நகர்த்திப் படமெடுத்தால், ஒவ்வொரு புள்ளியும் எப்போது வெளுக்கிறது, எப்போது கறுக்கிறது என்பதை வைத்தே அந்த இடத்தின் சாய்வைச் சொல்லிவிடலாம். பளபளப்பில்லாத பரப்புக்கு மூன்று திசை வெளிச்சம் போதும். நிழலும் மினுக்கமும் குழப்புவதால் நடைமுறையில் 40, 50 படம் எடுப்பார்கள். 2001-இல் எச்.பி. கணினி நிறுவன ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு இதே வழியில் ஒரு முறையை வெளியிட்டது. 2005-இல் ஏதென்ஸ் போய், கடலடியில் கிடைத்த பழங்கால வானியல் கருவியான ஆன்டிகிதெரா கருவியின் மங்கிய கிரேக்க எழுத்துகளை அதைக் கொண்டு படமெடுத்தார்கள்.

மேனுவல் மோட் உள்ள கேமரா, ட்ரைபாட், எல்இடி டார்ச் இருந்தால் ஆயிற்று. காசின் பக்கத்தில் சைக்கிள் கடை பால்ரஸ் (பளபளக்கும் சின்ன இரும்புக் குண்டு) இரண்டை வையுங்கள். வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அதன் மேல் விழும் மினுக்கம் காட்டிக்கொடுக்கும். டார்ச்சில் ஒரு நூலைக் கட்டி, ஒவ்வொரு முறையும் மறுமுனையைக் காசு வரை இழுத்துப் பார்த்துக்கொண்டால் தூரம் மாறாது. படங்களைச் சேர்க்க, இத்தாலியின் பீசா ஆய்வகம் தரும் ‘ரீலைட்’ மென்பொருள் இலவசம். அதன் பிறகு கணினித் திரையில் வெளிச்சத்தை வேண்டிய பக்கம் திருப்பிப் படிக்கலாம்.

பச்சை படிந்த செப்பு இதற்கு வாகானது. பளபளக்கும் வெள்ளி சிரமம் தரும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மிச்சமுள்ள எழுத்தும் போகும், காசின் மதிப்பும் போகும்.

ஒன்று மட்டும்: இம்முறையில் கிடைப்பது சாய்வு, உயரம் அல்ல. சாய்வுகளைக் கூட்டி உயரம் கண்டால் சின்னப் பிழைகள் சேர்ந்து, தட்டையான காசு கிண்ணம்போல வளைந்து நிற்கும். கனம் வேண்டுமானால் வெர்னியர் அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள். காசை அச்சு அசலாக நகல் செய்வதுதான் நோக்கம் என்றால் ஸ்கேனரை யோசிக்கலாம். அப்போதும் உங்கள் காசையே கடையில் ஸ்கேன் செய்து காட்டச் சொல்லி, திருப்பித் தரும் நிபந்தனையைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: இதற்கு செல்போன் கேமரா போதாதா?

பதில்: ‘ப்ரோ’ மோட் இருந்தால் போதும். ஐஎஸ்ஓ, ஷட்டர், ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் நான்கையும் பூட்டி, எச்டிஆரை அணைத்துவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் போனே வெளிச்சத்தைச் சமன் செய்துவிடும். கணக்குக்கு வேண்டியதோ அந்த ஏற்றத்தாழ்வுதான்.