மூளையில் 'வெர்னிக்கே பகுதி' என்கிறார்களே, யார் அந்த வெர்னிக்கே? என்ன கண்டுபிடித்தார்?

கார்ல் வெர்னிக்கே ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர், 1848-இல் பிறந்தவர். அவருக்கு முன்பே, 1861-இல், பிரான்சில் புரோகா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருந்தார். பிறர் சொல்வது அந்த நோயாளிக்குப் புரியும், ஆனால் வாயிலிருந்து 'டான்' என்ற ஓசைதான் வரும். மூளையின் இடப்பக்க முன்பகுதி பழுதாகியிருந்தது.

வெர்னிக்கே பார்த்தது கிட்டத்தட்ட இதற்கு நேரெதிர். அந்த நோயாளிகள் சரளமாகப் பேசுவார்கள், ஏற்ற இறக்கம்கூட இயல்பாக இருக்கும். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாத எதையோ சொல்வார்கள், நடுவே மொழியிலேயே இல்லாத சொற்களும் வந்து விழும். நாம் கேட்பது அவர்கள் காதில் விழும், புரியாது. பலருக்குத் தாம் தவறாகப் பேசுகிறோம் என்பதே தெரியாது. காது கேட்கவில்லை, புத்தி பேதலித்துவிட்டது என்று தப்பாக நினைத்துவிட எளிது. பழுது இருந்த இடம் இடப்பக்கப் பொட்டு மடலின் (மூளையில் காதை ஒட்டிய பகுதி) மேல்-பின்பகுதி. அதைத்தான் வெர்னிக்கே பகுதி என்கிறார்கள். 1874-இல் இதை நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது 26தான்!

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சாதனை அந்த இடத்தைக் காட்டியது அல்ல. புரோகா காட்டிய பகுதி, தான் காட்டிய பகுதி இரண்டும் நன்றாக இருந்து, அவற்றை இணைக்கும் நரம்பிழைகள் மட்டும் பழுதானாலும் மொழி கெடும் என்று முன்கூட்டியே கணித்தார். அப்படிப்பட்டவருக்குப் புரியும், பேசவும் வரும். ஆனால் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் தடுமாறுவார்.

வெர்னிக்கே பகுதியின் எல்லை எதுவரை என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அப்புறம், மதுப் பழக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் 'வெர்னிக்கே என்செபலோபதி' என்ற மூளைப் பாதிப்பு வேறு நோய். வைட்டமின் பி1 குறைவால் வருவது. அதை 1881-இல் விவரித்தவரும் இவரேதான்.