ஊட்னடட்டா பாதைக்கு கேரவன்: வாங்கும் முன், வாடகைக்கு எடுக்கும் முன்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். ஆகஸ்ட் மாதம் தென் ஆஸ்திரேலியாவின் மர்ரீயிலிருந்து ஊட்னடட்டா என்ற மண் பாதையில் மார்லா வரை போகத் திட்டம். எங்களிடம் இருக்கும் டபுள் கேப் யூட் (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப் வண்டி) 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. 2,800 கிலோ கேரவன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். "தாராளமாக இழுக்கும்" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா? — மெல்பர்ன் வாசகர்

பதில்: இழுக்கும். ஆனால் நான்கு பேரும் சாமான்களும் ஏறிய பிறகும் சட்டப்படி இழுக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை விளம்பரத்தில் கிடைக்காது. யூட்டின் கையேட்டிலும் கேரவனின் தகட்டிலும் உள்ள எண்களை எடுத்து நீங்களே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கேரவன். தகட்டில் இரண்டு எண்களைத் தேடுங்கள். 'டேர்' என்பது காலி எடை. 'ஏடிஎம்' என்பது சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு தாண்டக்கூடாத மொத்த எடை. ஏடிஎம் 2,800, டேர் 2,350 என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 450 கிலோ. 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டையும் நிரப்பினால் அதில் 190 கிலோ போய்விடும். 9 கிலோ எரிவாயு சிலிண்டர் இரண்டு, இரும்பின் எடையும் சேர்த்து ஏறக்குறைய 36 கிலோ. மிச்சம் 224. வெளிக்கூடாரம், நாற்காலிகள், கருவிப்பெட்டி, மளிகை, நான்கு பேரின் துணிமணி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஏசியோ கூடுதல் பேட்டரியோ விற்பனையகத்தில் பிறகு பொருத்தப்பட்டிருந்தால் டேர் எண்ணில் அந்த எடை இருக்காது. ஆகவே கேரவனைப் பொது எடைமேடையில் நிறுத்தி எடுத்த சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது யூட். உதாரணமாக அதன் காலி எடை 2,350, அனுமதித்த மொத்த எடை (ஜிவிஎம்) 3,200, யூட்டும் கேரவனும் சேர்ந்த உச்ச எடை (ஜிசிஎம்) 6,000 என்று வைத்துக்கொள்வோம். 3,500 கிலோவை உண்மையிலேயே இழுத்தால் யூட்டுக்கு மிஞ்சுவது 2,500. இரண்டு பேர் ஏறினாலே அந்த எல்லை தாண்டிவிடும். 2,800 கிலோ கேரவனாக இருந்தால் இந்தக் கணக்கு பரவாயில்லை. இடிப்பது ஜிவிஎம்தான். கேரவனின் எடையில் சுமார் 10 சதவீதம் யூட்டின் பின்னால் அதை இணைக்கும் ஹிட்ச் உருண்டையின் மேல் அழுத்தும். இங்கே அது 280 கிலோ. அந்தச் சுமை யூட்டின் கணக்கில் சேரும். நான்கு பேர் 320, முன்பக்க புல்பார் 60. ஆக 850 கிலோ இடத்தில் 660 போய்விட்டது. மீதி 190க்குள் குளிர்பெட்டி, உதிரிச் சக்கரம், டீசல் கேன், தண்ணீர் கேன். மேலே ரூஃப் ராக்கும், பின்தளத்தை மூடும் கேனபியும் போட்டிருந்தால் எல்லை தாண்டியே தீரும்.

சிலர் ஹிட்ச் சுமையைக் குறைக்கச் சாமான்களைக் கேரவனின் பின்பக்கம் தள்ளுவார்கள். இதைச் செய்யவே கூடாது. பின்பாரம் கூடினால் வேகத்தில் கேரவன் வாலாட்டத் தொடங்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. கனமானவை எப்போதும் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக இருக்கட்டும்.

என் கருத்து: நான்கு பேர் ஒரே யூட்டில் போவதென்றால் ஏடிஎம் 2,200க்குள் உள்ள கேரவனோ கேம்பர் டிரெய்லரோ (கூடாரம் மடித்து வைத்த டிரெய்லர்) போதும். படுக்க இடம் போதாவிட்டால் இரண்டு பேருக்குக் கூடாரம். இல்லையென்றால் இரண்டு வண்டியில் போங்கள். தனித்த பாதையில் இரண்டாவது வண்டி இருப்பது காப்பீட்டை விடப் பெரிய பலம்.

கேள்வி: 'ஆஃப்ரோடு' என்றும் 'செமி ஆஃப்ரோடு' என்றும் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். விலை வித்தியாசம் நிறைய. எதைப் பார்த்து முடிவு செய்வது? — பிரிஸ்பேன் வாசகி

பதில்: ஸ்டிக்கரை விட்டுவிட்டு உத்தரவாதப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். எந்தச் சாலையில் ஓட்டினால் உத்தரவாதம் செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 'பராமரிக்கப்படும் ஜல்லிச் சாலைகளில் மட்டும்' என்று இருந்தால், ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் அந்தக் கேரவன் அவ்வளவுக்குத்தான்.

பிறகு பாய் ஒன்றை விரித்துக் கேரவனுக்கு அடியில் படுத்துப் பாருங்கள். மண் சாலையில் கேரவனைக் கொல்வது பள்ளமல்ல, சலவைப் பலகை போல வரிவரியாக ஓடும் சிறு மேடுகள். மணிக்கணக்கில் அந்த அதிர்வு தொடரும்போது ஷாக் அப்சார்பர் சூடாகி வேலை செய்வதை நிறுத்தும், அலமாரித் திருகுகள் கழலும், குழாய் இணைப்புகள் கசியும். அதனால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷனும், காயில் ஸ்பிரிங்கும், சக்கரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு ஷாக் அப்சார்பரும் உள்ளதா என்று பாருங்கள். இலைவில் (லீஃப் ஸ்பிரிங்) இருந்தால் ஒதுக்க வேண்டியதில்லை. ஷாக் இல்லாத இலைவில்லைத்தான் ஒதுக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குக் கவசத் தகடு உண்டா, கழிவுநீர்க் குழாய் அச்சை விடத் தாழ்வாகத் தொங்குகிறதா, மின்கம்பிகளும் எரிவாயுக் குழாயும் அடிச்சட்டத்துக்கு மேலே பாதுகாப்பாகப் போகின்றனவா என்றும் பார்க்கலாம். இணைப்பு, சாதாரண 50 மில்லிமீட்டர் உருண்டையாக இருந்தால் மேடுபள்ளத்தில் திரும்பும் கோணம் போதாது. டிஓ35 போல எல்லாப் பக்கமும் சுழலும் இணைப்பு நல்லது.

தூசிதான் அடுத்த எதிரி. ஓடும்போது கேரவனுக்குள் காற்றழுத்தம் குறைந்து, கதவுக்கு அடியிலும் குளிர்பெட்டியின் காற்றுத்துளைகள் வழியாகவும் தூசியை உறிஞ்சும். கூரையில் முன்நோக்கித் திறக்கும் தூசி தடுப்பு விசிறியோ வடிகட்டியோ இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி இது நிற்கும். ஆனால் சுவரில் திறந்த துளையோடு வரும் எரிவாயு-மின்சாரக் குளிர்பெட்டியை வைத்துக்கொண்டு தூசியைத் தடுப்பது கடினம். வெயிலிலும் அது திணறும். 12 வோல்ட் கம்ப்ரெஸர் குளிர்பெட்டிதான் இந்தப் பாதைக்குச் சரி.

கேள்வி: தனியாரிடம் பழைய கேரவன் பார்க்கிறோம். முக்கியமாக எதைச் சோதிக்க வேண்டும்? — கீலாங் வாசகர்

பதில்: பணம் கொடுக்கும் அன்றே விஐஎன் எனும் வண்டி அடையாள எண்ணை வைத்து, பொருள்கள் மேல் உள்ள கடனைப் பதியும் அரசின் பிபிஎஸ்ஆர் தளத்தில் தேடுங்கள். கட்டணம் 2 டாலர். கேரவன் மேல் கடன் பாக்கி இருந்தால், நீங்கள் முழு விலை கொடுத்திருந்தாலும் கடன் கொடுத்தவர் அதை எடுத்துப் போகலாம். இதே வேலைக்கு அதிகம் வாங்கும் இடைத்தரகத் தளங்கள் நிறைய உண்டு, பெயரைக் கவனியுங்கள்.

அடுத்தது தண்ணீர்க் கசிவு. மூலைகள், ஜன்னலுக்குக் கீழ், மேல் அலமாரியின் உட்புறம் எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பொதபொதவென்று அமுங்கினால் உள்ளே மரச்சட்டம் உளுத்திருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். டயரில் கோடு நன்றாக இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று சொல்லும். கேரவன் டயர்கள் தேய்வதற்கு முன்பே வெயிலில் கிடந்து மூப்படைந்துவிடும். எரிவாயு சிலிண்டரின் கழுத்தில் உள்ள தேதி 10 ஆண்டு தாண்டியிருந்தால் மறுசோதனை இல்லாமல் நிரப்ப மாட்டார்கள்.

கேள்வி: வாங்காமல் வாடகைக்கு எடுத்தால்? முழுக் காப்பீடு வாங்கினால் கவலையில்லை என்கிறார்கள். — சிட்னி வாசகி

பதில்: வருடத்துக்கு ஒரு பயணம் என்றால் வாடகைதான் லாபம். ஆனால் 'முழுக் காப்பீடு' என்ற சொல்லை வைத்து நிம்மதி அடையாதீர்கள். தனியாக உருண்டு விழுந்த விபத்து, அடிப்பகுதிச் சேதம், கூரைச் சேதம், தண்ணீரில் இறங்கிய சேதம், இவற்றை விலக்கியே பல ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. அவுட்பேக்கில் (ஆஸ்திரேலியாவின் தொலைதூர உள்பகுதியில்) நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் இவைதான். இரண்டு சக்கரங்களை மட்டும் எஞ்சின் சுழற்றும் (2WD) சாதாரண கேம்பர் வேன்களுக்கு மண் சாலையே தடை என்று இருக்கும். நான்கு சக்கர இழுவை (4WD) வண்டிகளுக்கும் சில பாதைகளைப் பெயர் சொல்லி விலக்குவார்கள். 'ஊட்னடட்டா பாதை, மர்ரீ முதல் மார்லா வரை அனுமதி' என்று எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது செல்லாது.

ஓட்டப்போகும் எல்லோருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வருவது இங்கேதான்: வைப்புத்தொகை ஒருவருடைய கார்டிலிருந்து பிடிக்கப்படும், கண்ணாடியை உடைத்தவர் வேறொருவராக இருப்பார். சேதம் வந்தால் எப்படிப் பங்கிடுவது என்று கிளம்பும் முன்பே பேசி, எல்லோருக்கும் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எத்தனை ஜெர்ரி கேன் வேண்டும்? தண்ணீர்? கைப்பேசி எடுக்காத இடத்தில் சாட்டிலைட் போனா, அவசரச் சமிக்ஞை அனுப்பும் பி.எல்.பி. கருவியா? — அடிலெய்டு வாசகர்

பதில்: மர்ரீ, வில்லியம் க்ரீக், ஊட்னடட்டா, மார்லா நான்கிலும் எரிபொருள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஏறக்குறைய 205 கிலோமீட்டர், மொத்தம் 620. கேரவனோடு 100 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் டீசல் என்று வையுங்கள். எதிர்க்காற்றில் 25 வரை ஏறும். ஒரு கட்டத்துக்கு 40 முதல் 50 லிட்டர் ஆகும். ஆனால் நடுவில் ஒரு பம்ப் மூடியிருந்தால் இரண்டு கட்டத்தை ஒரே தடவையில் கடக்க வேண்டும்: 410 கிலோமீட்டருக்கு 80 முதல் 100 லிட்டர். தொட்டி 80 லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் இரண்டு போதும். நான்கு கேன் வாங்கி எடையைக் கூட்டாதீர்கள். கேனைக் கேரவனுக்குள்ளோ எரிவாயுப் பெட்டிக்கு அருகிலோ வைக்கவும் கூடாது.

தண்ணீரை மழையை வைத்துக் கணக்கிடுங்கள். இந்தக் களிமண் சாலையில் சில மில்லிமீட்டர் மழைக்கே சாலையை மூடிவிடுவார்கள். இரண்டு நாள் பயணம், மூன்று நாள் தேக்கம், நாளுக்கு ஆளுக்கு 5 லிட்டர்: நான்கு பேருக்கு 100 லிட்டர். அதில் 20 லிட்டராவது யூட்டில் தனி கேனில் இருக்கட்டும். ஒரு கல் பட்டுத் தொட்டிக் குழாய் உடைந்தால் மொத்தமும் சாலையில் போய்விடும். மூடிய சாலையில் வண்டியை இறக்குவது குற்றம். கிளம்பும் காலையில் தென் ஆஸ்திரேலிய அரசின் அவுட்பேக் சாலை அறிக்கையைப் பாருங்கள்.

தொடர்புக் கருவியில் பி.எல்.பி. முதலில். ஒரே தடவைச் செலவு, மாதக் கட்டணம் இல்லை. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பேட்டரிக் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அது உயிராபத்துக்கு மட்டும். பேரிங் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட அதனால் முடியாது. அதற்குச் செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவி ஒன்றை அந்த மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி எடுங்கள். இரண்டு வண்டி என்றால் வண்டிக்கொரு 5 வாட் யூ.ஹெச்.எஃப். இருவழி ரேடியோ. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் 40ஆம் சேனலில் இருப்பார்கள். 5, 35 அவசரத்துக்கானவை, அவற்றில் அரட்டை கூடாது.

மண் சாலை தொடங்கும் இடத்தில் எல்லா டயர்களிலும் காற்றை நான்கில் ஒரு பங்கு குறைத்து, மணிக்கு 80 கிலோமீட்டருக்குள் ஓட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேரவனின் சக்கர மையத்துக்கு அருகே கை வையுங்கள். மற்றவற்றை விட ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ போகப்போகிறது. யூட்டின் டயர் கிளப்பும் கல், கேரவனின் முகப்பில் பட்டுத் திரும்பி யூட்டின் பின்கண்ணாடியை உடைக்கும். இரண்டுக்கும் நடுவே கட்டும் கல் தடுப்பு வலையின் விலை, ஒரு கண்ணாடி மாற்றினாலே கழிந்துவிடும்.

கேள்வி: புதிதாக வாங்கி எட்டு மாதம். கூரை இரண்டு தடவை ஒழுகியது, இப்போது கதவும் பூட்டவில்லை. கடைக்காரர் தயாரிப்பாளரைப் பாருங்கள் என்கிறார். — மெல்பர்ன் வாசகி

பதில்: அப்படித் தள்ளிவிட அவருக்கு உரிமை இல்லை. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி விற்றவரே பொறுப்பு. உத்தரவாதக் காலம் முடிந்தாலும் இந்த உரிமை உடனே முடிவதில்லை. ஒரு பெருங்குறை இருந்தால் மாற்றுக் கேரவனா, பணத்தைத் திரும்பப் பெறுவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். சிறு குறைகள் பல சேர்ந்தாலும் பெருங்குறையாகக் கருதலாம் என்று 2020 டிசம்பர் முதல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு ஒழுகலும் ஒரு கதவும் அந்த வாதத்துக்கு நல்ல அடிப்படை.

இனி வாய்ப்பேச்சு வேண்டாம். ஒவ்வொரு பழுதின் தேதி, புகைப்படம், கடைக்குப் போய் நின்ற நாட்கள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, என்ன கேட்கிறீர்கள் என்பதையும் பதிலுக்கு 14 நாள் கெடுவையும் போடுங்கள். திருப்பித் தரும் நிலை வந்து, கொண்டுபோக அதிகச் செலவாகும் என்றால் எடுத்துச் செல்வது விற்றவரின் செலவு. பதில் வராவிட்டால் விக்டோரியா நுகர்வோர் விவகார அலுவலகம், அதற்குப் பிறகு விகேட் (VCAT) எனும் விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயம். இதற்கிடையே அந்தக் கேரவனை மண் சாலையில் இறக்காதீர்கள். பழைய ஒழுகலுக்கும் புதிய அதிர்வு மேல் பழி போட அவர்களுக்கு அது வசதியாகிவிடும்.