ஆட்டுக்கு முடிசூட்டிய பெண்கள்: வாசகர் கேள்வி–பதில்

அழகிப் போட்டிகளைப் பெண்கள் எதிர்த்த வரலாறு பற்றியும், அந்த எதிர்ப்பை இன்று எப்படி நடத்துவது என்பது பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

“பெண்ணியவாதிகள் பிராவை எரித்தவர்கள்” என்று பட்டிமன்ற மேடையில்கூடக் கிண்டலடிக்கிறார்கள். உண்மையிலேயே எரித்தார்களா?
— வாசகி, திருநெல்வேலி

எரிக்கத் திட்டம் இருந்தது. எரித்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

இடம் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி. நாள் 1968 செப்டம்பர் 7. அன்று இரவு அங்கே மிஸ் அமெரிக்கா போட்டி. ‘நியூயார்க் ராடிகல் விமன்’ என்ற சிறு குழு பகலிலேயே கடற்கரையோர நடைபாதையில் கூடியது. போராட்டம் நடத்தலாம் என்று யோசனை சொன்னவர் கேரல் ஹானிஷ். அதை ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானவர் ராபின் மோர்கன். நகர மேயருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதியும் வாங்கியிருந்தார்கள். அந்த நடைபாதை முழுக்க மரப்பலகையால் ஆனது. தீ வைத்தால் பலகையோடு சேர்ந்து அனுமதியும் போய்விடும் என்பதால் எரிக்கும் யோசனையைக் கைவிட்டார்கள்.

அதற்குப் பதில் ஒரு குப்பைத்தொட்டியை நடுவில் வைத்து அதற்கு ‘விடுதலைக் குப்பைத்தொட்டி’ என்று பெயரிட்டார்கள். பிரா, இடுப்பை இறுக்கும் கச்சை, குதிகால் செருப்பு, ஒட்டு இமை, முடிசுருட்டி, தரை துடைக்கும் மாப்பு, சில பெண்கள் பத்திரிகைகள், பிளேபாய் எல்லாம் அதில் விழுந்தன. உயிருள்ள ஓர் ஆட்டைக் கூட்டிவந்து முடிசூட்டினார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல்தான் மேடையில் பெண்ணுக்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்பது அதன் பொருள். பெரிய மிஸ் அமெரிக்கா பொம்மை ஒன்றில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு, அந்தப் பொம்மையை ஏலமும் விட்டார்கள்.

பிறகு ‘எரிப்பு’ எங்கிருந்து வந்தது? போராட்டத்துக்கு முன்பே நியூயார்க் போஸ்ட் நாளிதழில் லிண்ட்சி வான் கெல்டர் எழுதிய செய்தியிலிருந்து. வியட்நாம் போருக்கு ஆள்சேர்ப்பதை எதிர்த்து இளைஞர்கள் ராணுவ அழைப்பு அட்டையை எரித்துவந்த காலம் அது. பெண்கள் செய்வதும் அதற்கு நிகரானதே என்று காட்டத்தான் அவர் ஒப்பிட்டார். பகடி செய்வது அவர் எண்ணம் இல்லை. ஆனால் தலைப்பில் ‘பிரா எரிப்பவர்கள்’ என்று வந்துவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றும் மறுநாள் அதே பாணியில் தலைப்புப் போட்டு, தொட்டியில் தீ இருந்ததாக எழுதியது. கலந்துகொண்டவர்கள் அதை மறுத்தே வந்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது போராட்டக் கருவியின் தேர்வு. தொட்டிக்குள் பத்துப் பதினைந்து வகைப் பொருள் போனது. அதில் மாப்பும் பாத்திரமும் இருந்ததை யாரும் நினைவில் வைக்கவில்லை. எதிராளி கேலி செய்ய வசதியான ஒரே பொருள் மட்டும் தங்கியது. குழு வெளியிட்ட அறிக்கையில் பத்துக் குற்றச்சாட்டுகள் இருந்தன. இனவெறி, வியட்நாமில் இருந்த படைவீரர்களை உற்சாகப்படுத்த அழகியை அனுப்புவது, விளம்பர நிறுவனங்களின் வியாபாரம் எல்லாம் அதில் வந்தன. அந்த அறிக்கையைப் படித்துவிட்டுக் கிண்டல் செய்பவரைக் காண்பது அரிது.

இன்னொன்று, ஆண் நிருபர்களிடம் பேச மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். பெண் நிருபர்களுக்குச் சமையல் குறிப்பும் கல்யாணச் செய்தியுமே ஒதுக்கப்பட்ட காலம் அது. வேறு வழியில்லாமல் பத்திரிகைகள் அவர்களைக் களத்துக்கு அனுப்பின. அன்றைய உத்திகளிலேயே கெட்டிக்காரத்தனமானது இதுதான்.

லண்டனில் மிஸ் வேர்ல்டு மேடையில் மாவு வீசினார்களாமே? உள்ளே எப்படிக் கொண்டுபோனார்கள்?
— வாசகர், ஈரோடு

கைப்பையில்தான். 1970 நவம்பர் 20, ராயல் ஆல்பர்ட் ஹால். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, விழாவுக்கு வரும் சீமாட்டிகள்போல உடுத்திக்கொண்டு, அரங்கில் சிதறி உட்கார்ந்தார்கள். பைக்குள் மாவுப் பொட்டலம், துண்டறிக்கை, நாற்றக் குண்டு, புகைக் குண்டு. கால்பந்து ரசிகர்கள் சுழற்றும் மரக் கிலுகிலுப்பைதான் அடையாள ஒலி. அது கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அத்தனை பெரிய அரங்கில் கையசைப்பு தெரியாது, குரல் கைதட்டலில் மூழ்கிவிடும். கிலுகிலுப்பைச் சத்தம் வேறு எதோடும் குழம்பாது.

நிகழ்ச்சியை நடத்த வந்தவர் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப். வெளியே ‘இது மாட்டுச் சந்தை’ என்று முழக்கம் கேட்க, அவர் மேடையில் கன்றுக்குட்டி ஜோக் அடித்தார். கிலுகிலுப்பை சுழன்றது, மாவு பறந்தது, ஹோப் மேடையை விட்டு ஓடினார். நேரலை என்பதால் வெட்டி ஒட்ட வழியில்லை, வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுக்கு முன் அட்லாண்டிக் சிட்டியில் சில பெண்கள் மாடத்திலிருந்து ‘பெண் விடுதலை’ என்ற பதாகையை விரித்தபோது, தொலைக்காட்சிக் கேமரா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அங்கே கேமராவுக்கு வெளியே நடந்தது, இங்கே கேமரா பார்த்துக்கொண்டிருந்த மேடையிலேயே நடந்தது.

தவறிய இடமும் உண்டு. அன்று விடியுமுன்பே ‘ஆங்ரி பிரிகேட்’ என்ற வேறொரு குழு பிபிசியின் ஒளிபரப்பு வண்டிக்கடியில் குண்டு வைத்திருந்தது. இந்தப் பெண்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவது பலருக்கும் எளிதாகிவிட்டது. கைதான பெண்கள் மீது போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சிலர் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே வாதாடினார்கள். கைதானவர்களில் ஒருவரான சாலி அலெக்சாண்டர் பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியரானார்.

மேடையில் நிற்பவளும் பெண்தானே? அவளுக்கு எதிராகப் பெண்களே கோஷம் போடலாமா?
— வாசகி, கும்பகோணம்

போடக்கூடாது. இதைக் கேரல் ஹானிஷே 1968 நவம்பரில் எழுதிவிட்டார். மிஸ் அமெரிக்காவைப் போலி என்றும் விற்பவள் என்றும் இகழ்ந்த அட்டைகள் அன்று கூட்டத்தில் இருந்தன. அவை அந்தப் பெண்ணை அவமதித்தன, அவளை மேடையேற்றியவர்களை விட்டுவிட்டன, வேடிக்கை பார்த்த சாதாரணப் பெண்களையும் விலக்கிவிட்டன என்பது அவர் விமர்சனம். லண்டன் பெண்கள் ‘நாங்கள் அழகிகளும் இல்லை, அசிங்கமும் இல்லை, கோபக்காரிகள்’ என்றார்கள். இந்த வாசகத்தில் போட்டியாளர் வரவே இல்லை, பாருங்கள்.

நிறத்தை மறந்தால் இந்தக் கேள்விக்குப் பாதி பதில்தான் கிடைக்கும். போட்டியாளர் ‘வெள்ளை இனத்தவராக’ இருக்க வேண்டும் என்று மிஸ் அமெரிக்கா விதியிலேயே ஒரு காலத்தில் எழுதியிருந்தது. 1968 வரை கறுப்பினப் போட்டியாளர் ஒருவர்கூட அந்த மேடை ஏறவில்லை. அதனால் பெண்ணியவாதிகள் ஆட்டுக்கு முடிசூட்டிய அதே நாளில், அதே ஊரில், கறுப்பினத்தவர் தனியே மிஸ் பிளாக் அமெரிக்கா போட்டியை நடத்தினார்கள். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த 19 வயது சாண்ட்ரா வில்லியம்ஸ் வென்றார். ஒரு கூட்டம் கிரீடமே வேண்டாம் என்றது, இன்னொரு கூட்டம் எங்கள் தலைக்கு ஏன் கிரீடம் இல்லை என்றது. இரண்டும் நியாயமான கேள்விகளே.

1970 லண்டனில் இது இன்னும் சிக்கலானது. தென்னாப்பிரிக்காவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைப் பெண் ‘மிஸ் சவுத் ஆப்பிரிக்கா’. பேர்ல் ஜான்சன் என்ற வெள்ளையரல்லாத பெண்ணுக்கு ‘மிஸ் ஆப்பிரிக்கா சவுத்’ என்று பெயரைத் திருப்பிப்போட்டு, தோளில் அணியும் ஒரு பட்டை. அவர் இரண்டாமிடம் பெற, முதலிடம் கிரனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டனுக்குப் போனது. மிஸ் வேர்ல்டு பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். நடுவர்களில் ஒருவர் அப்போது கிரனடாவின் முதல்வராக (பிரீமியர்) இருந்த எரிக் கெய்ரி என்பதால் வேறொரு சர்ச்சையும் எழுந்தது. ஹோஸ்டன் பிற்காலத்தில் கனடாவில் கிரனடாவின் தூதராகப் பணியாற்றினார். அவருடைய வெற்றியையும் மாவு வீசியவர்களின் கோபத்தையும் ஒரே இரவின் இரண்டு உண்மைகளாக ஏற்க முடியாதவருக்கு இந்த விஷயத்தில் அவசரம் அதிகம் என்போம்.

1996இல் பெங்களூரு உலக அழகிப் போட்டியை எதிர்த்து மதுரையில் ஒருவர் தீக்குளித்தார் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது பெண்ணியப் போராட்டமா?
— வாசகர், மதுரை

1996 நவம்பர் 14 அன்று மதுரையில் தையல் தொழிலாளியான ஓர் இளைஞர் போட்டியைக் கண்டித்துத் தீக்குளித்து இறந்தது உண்மை. பெண்ணியத்தின் எந்தப் போராட்ட முறையிலும் அதற்கு இடமில்லை.

பெங்களூரில் மூன்று தரப்பு ஒரே நேரத்தில் தெருவில் நின்றன. இடதுசாரி மாதர் அமைப்புகளும் விமோச்சனா போன்ற பெண்கள் குழுக்களும் பெண்ணுடலைச் சரக்காக்குவதையும், தாராளமயத்துக்குப் பிறகு இந்தியச் சந்தையைப் பிடிக்க வந்த அழகுசாதன வியாபாரத்தையும் எதிர்த்தன. நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக விவசாயிகள் சங்கத்துக்குப் பன்னாட்டு முதலாளித்துவம்தான் குறி. அதே ஆண்டு ஜனவரியில் நகரின் கேஎஃப்சி கடையைத் தாக்கியவர்கள் அவர்கள். மூன்றாவது தரப்பு வலதுசாரி அமைப்புகள். நீச்சலுடை இந்தியப் பண்பாட்டுக்கு இழுக்கு என்பது அவர்கள் வாதம். மகிளா ஜாக்ரண் சமிதி என்ற பெண்கள் அமைப்பு தற்கொலைப் படை என்று மிரட்டியதும் நாளிதழ்களின் முதல் பக்கம் முழுக்க அதுவே ஆனது.

விளைவைப் பாருங்கள். நடத்திய அமிதாப் பச்சன் நிறுவனம் நீச்சலுடைச் சுற்றைச் செஷல்ஸ் தீவுக்கு மாற்றியது. பண்பாட்டுக்காரர்களின் கோரிக்கை பாதி நிறைவேறியது, மதிப்பெண்ணும் வியாபாரமும் அப்படியே இருந்தன. நவம்பர் 23 அன்று சின்னசாமி மைதானத்தில் பல ஆயிரம் போலீஸ் காவலில் கிரீஸ் நாட்டின் ஐரீன் ஸ்க்லிவா முடிசூடினார்.

அன்று பெண்கள் அமைப்புகள் மாட்டிக்கொண்ட இடம் கோஷம். ‘பெண்ணை இழிவுபடுத்தாதே’ என்று மூன்று தரப்பும் கத்தலாம். ஒரு சோதனை உண்டு: உங்கள் கோஷத்தை வைத்தே நாளை ஒரு கல்லூரி ஜீன்ஸுக்குத் தடை போட முடியுமா? முடியுமென்றால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

நீச்சலுடைச் சுற்றை இப்போது எடுத்துவிட்டார்களே, அது வெற்றிதானே?
— வாசகி, புதுச்சேரி

சிறு வெற்றி. மிஸ் வேர்ல்டு 2014 இறுதியிலும் மிஸ் அமெரிக்கா 2018இலும் கைவிட்டதாக அறிவித்தன, மிஸ் யுனிவர்ஸ் இன்னும் வைத்திருக்கிறது. அந்தப் போட்டி பிறந்ததே நீச்சலுடையால்தான். 1950இல் மிஸ் அமெரிக்கா பட்டம் வென்ற யோலாண்ட் பெட்பீஸ் நீச்சலுடையில் ஊர் சுற்ற மறுத்தார். விளம்பரதாரரான கேட்டலினா நீச்சலுடை நிறுவனம் கோபித்துக்கொண்டு விலகி, 1952இல் மிஸ் யுனிவர்ஸைத் தொடங்கியது.

எங்கள் கல்லூரியில் ‘மிஸ் ஃப்ரெஷர்’ போட்டி. முதலாண்டு மாணவிகள் ‘ராம்ப் வாக்’ போகணும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எப்படி எதிர்ப்பது?
— மாணவி, கோயம்புத்தூர்

முதலில் நான்கு விவரங்களைச் சேகரியுங்கள்: யார் பணம் தருகிறார்கள் (நகைக்கடையா, மேக்கப் ஸ்டூடியோவா), நடுவர் யார், மதிப்பெண் தாளில் என்ன தலைப்புகள், கலந்துகொள்வது கட்டாயமா. மதிப்பெண் தாளின் நகல் கையில் கிடைத்தால் அதுதான் உங்கள் வலுவான ஆயுதம். ‘தோற்றம் – 10’ என்ற ஒரு வரியைப் பெரிதாக அச்சடித்து ஒட்டினாலே பாதி வேலை முடிந்தது.

கட்டாயம் என்றால் அது அழகிப் போட்டிப் பிரச்சினையையும் தாண்டியது. ஒரு மாணவி இயல்பாகச் செய்யாத, கூச்சமோ அவமானமோ தரும் செயலைச் செய்யச் சொல்வது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைப்படி ராகிங். முதல்வருக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழிப் புகார் விழா முடிந்ததும் மறக்கப்படும். பலர் சேர்ந்து கையெழுத்திட்டால் யாரும் தனியாக மாட்டமாட்டார்கள். நடுவரோ ஒருங்கிணைப்பாளரோ உடலைப் பற்றிப் பேசியிருந்தால் அது, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகவேண்டிய தனி மனு. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று இரு குழுவும் கைகழுவும்.

பணம் தரும் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘உங்கள் பெயர் இந்த மதிப்பெண் தாளின் தலையில் அச்சாகப் போகிறது, நகல் இணைத்துள்ளோம்’ என்ற அளவில் மரியாதையாக. கடைக்காரருக்கு மாணவிகள்தான் வாடிக்கையாளர்கள்.

அட்டை பிடிப்பதானால் ஒரு அட்டைக்கு ஐந்தாறு சொல் போதும். மூன்று அங்குல உயர எழுத்து முப்பதடி தூரத்துக்குத் தெளிவாகத் தெரியும். மேடைக்கும் வாசலுக்கும் உள்ள தூரத்தை அளந்துகொண்டு எழுதுங்கள். வெள்ளைச் சார்ட்டில் கறுப்பு எழுத்து வையுங்கள், மஞ்சளில் சிவப்பு மாலை வெளிச்சத்தில் போட்டோவில் விழாது. வாசகத்தில் வினைச்சொல் யாரை நோக்கி இருக்கிறது என்று பாருங்கள்: ‘மதிப்பெண் போடாதே’ நடுவருக்கு, ‘மேடை ஏறாதே’ உங்கள் தோழிக்கு. இரண்டாவதை எழுதவே வேண்டாம்.

மாவு, மை, நாற்றக் குண்டு எல்லாம் தவிருங்கள். 1968இல் அட்லாண்டிக் சிட்டியில் பெகி டாபின்ஸ் அரங்கில் தெளித்தது விளம்பரதாரர் விற்ற தலைமுடி மருந்துதான். நாற்றம் தாங்கவில்லை என்று அவரைக் கைது செய்தார்கள். உங்கள் விஷயத்தில் அந்த வேலையை நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் செய்துவிடும், பேச்சு மதிப்பெண் தாளிலிருந்து மாவுக்கு மாறிவிடும். கல்லூரி வாசலுக்கு வெளியே சாலையில் நிற்பதானால், குறைந்தது ஐந்து நாள் முன்பே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி கேளுங்கள்.

கலந்துகொள்ள விரும்பும் தோழிகள் இருப்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே பேசி, எதிர்ப்பு அவர்கள்மேல் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் பயன்படும் ஒரு கோரிக்கையை மனுவில் சேருங்கள்: படமும் காணொளியும் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஏறக்கூடாது, கேட்டால் நீக்க வேண்டும். போட்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் இந்தக் கோரிக்கைக்கு நிர்வாகம் சம்மதிக்கும் வாய்ப்பு அதிகம்.