கன்ன வீக்கம் வடிந்த பிறகு கழுத்தில் வலி: நீவலாமா?

கேள்வி: மன்னார்குடி அருகே வசிக்கும் என் தாயாருக்கு வயது 67, சர்க்கரை நோய் உண்டு. நடவுக்குப் போய்வந்த மறுநாள் வலது காதுக்குக் கீழே வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலி போட்டுப் பார்த்தோம். பிறகு மாத்திரையில் வீக்கம் வடிந்தது. இப்போது குளிர்காய்ச்சலும் கழுத்து வலியும் வந்துள்ளன. எண்ணெய் தேய்த்து நீவலாமா?

பதில்: நீவ வேண்டாம். இன்றே திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் குனிந்து நடும் முதியவர்களுக்கு உமிழ்நீர் வற்றி, வாயிலுள்ள கிருமிகள் உமிழ்நீர் நாளத்தின் வழியே, காதுக்குக் கீழே உமிழ்நீர் சுரக்கும் காதடிச் சுரப்பிக்குள் ஏறிவிடுவதுண்டு. மேல்கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறத்தில் அந்த நாளத்தின் வாய் இருக்கிறது. அங்கே சீழ் கசிந்தால் அது பெரும்பாலும் பொன்னுக்கு வீங்கி அன்று.

இச்சுரப்பியின் ஊடாகவே ஒரு சிரையும் ஒரு தமனியும் செல்கின்றன. அரிதாக, அழற்சி அந்தச் சிரையைப் பற்றிக் கழுத்தின் பெருஞ்சிரைவரை இறங்கி, அதில் ரத்தம் உறைந்து, கிருமி கலந்த துணுக்குகள் பிரிந்து நுரையீரலில் போய்த் தங்கும். பெரும்பாலும் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் இந்நோயைப் பற்றி லெமியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1936-இல் எழுதியபோது, அவர் குறிப்பிட்ட 20 நோயாளிகளில் 18 பேர் இறந்திருந்தனர்; அப்போது ஆன்டிபயாடிக் மருந்துகள் புழக்கத்தில் இல்லை.

காதின் பின்புறத்திலிருந்து காறை எலும்பை நோக்கிச் சரியும் தசையின் முன்விளிம்பில் கயிறு போலத் தடித்து வலித்தாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இந்நோய் பற்றிய ஐயம் வலுக்கிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் தேவைப்பட்டால் சாயம் செலுத்திய சி.டி. ஸ்கேனும் உறைவைக் காட்டிவிடும். உறைவு உறுதியானால் பல வாரங்களுக்கு ஆன்டிபயாடிக் மருந்து தேவைப்படும், தொடக்கத்தில் சிரை வழியாக. உறைவு எதிர்ப்பு மருந்து எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை; நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

வீக்கம் நாடி போலத் துடித்தால், தமனிச் சுவர் அரிக்கப்பட்டுப் புடைத்திருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் அதைக் கட்டி என்று கீறுவது பெரும் ரத்தப்போக்கில் முடியும்.

சேற்று வயலில் வேலை செய்பவர், சர்க்கரை நோயாளி என்ற இரண்டையும் மறவாமல் சொல்லுங்கள். வயல் மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் காதடிச் சுரப்பியையும், சில வேளை தமனிகளையும் தாக்கும். வழக்கமான மாத்திரைகள் பல அதற்குப் பயன்படுவதில்லை, ஆய்வகமும் அதைத் தேடிப் பார்த்தால்தான் அடையாளம் காணும்.